சரித்து வைத்தாலும் சதுரம் சதுரம்தான்

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். இடதுகைப் பக்கம் வருகிற வீடுகளின் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். பாதிக்கு மேல் என் கை பட்டது. இரண்டு கல்யாண மண்டபத்துக்கு இரும்புக் கேட். ஒரு கோயிலுக்குச் சப்பரம் நிறுத்துகிற கொட்டகை. ஒரு சர்ச்சுக்கு மணி தொங்குகிற சட்டம். ஒரு பள்ளிவாசலுக்கு மாடிப்படிக் கைப்பிடி. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நாற்பத்திரண்டு படி வைத்த ஏணி. அதில் இன்றுவரை ஒரு படிகூட ஆடியதில்லை.

இதையெல்லாம் செய்தவன் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். வயல் வேலைக்குப் போன அப்பாவுக்கு ஏழாவது பிள்ளை. சிபாரிசு கிடையாது. தூக்கிவிட மாமன் மச்சான் கிடையாது. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் பட்டறைக்குள் இடுப்பளவு சேறு நின்றது. வெல்டிங் மெஷினே சேற்றுக்குள் போய்விட்டது. "தங்கதுரை கதை முடிஞ்சிது" என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு மாசத்தில் அதே இடத்தில் தீப்பொறி பறக்கவிட்டேன்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று இருக்கிறது. முழங்கால் உயரத்தில் ஒரு தகரப் பெட்டி. நான் செய்ததிலேயே சின்னது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முறைப்படி பார்த்தால், நான் எழுதிவருகிற என் கதைத் தொடரில் இந்த வாரம் என் கல்யாணம் வரவேண்டும். போன வாரம் பெண் பார்க்கப் போனதோடு நிறுத்தியிருந்தேன். அது கிடக்கட்டும். நாற்பது வருஷத்துக்கு முந்தின கல்யாணம் எங்கேயும் ஓடிவிடாது. என் வீட்டுக்காரியே "பொறவு எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். இந்தப் பெட்டி விஷயம் மட்டும் பொறுக்காது. ஏன் பொறுக்காது என்று கடைசியில் சொல்கிறேன்.

பலகையில் நாலு வரி

கொஞ்ச நாளைக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சி நடந்தது. சின்னப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற சாமான்களை ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்காரரும் கொண்டுவந்து மேசை போட்டு வைத்திருந்தார்கள். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஹாலுக்குள் புது பெயின்ட் வாடையும் வாழைப்பழ வாடையும் கலந்து அடித்தது.

உள்ளே நுழையும்போதே "டங்" என்று ஒரு சத்தம். நின்றேன். மறுபடியும் "டங்". தகடு தகட்டில் விழுகிற அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெத்த பிள்ளையின் அழுகையைக் கூட்டத்தில் தாய் கண்டுபிடிக்கிற மாதிரி. அது என் பெட்டி.

போய்ப் பார்த்தால் அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். பிள்ளைகள் வட்டத் தகட்டை வட்ட ஓட்டையில் போடுகின்றன, முக்கோணத்தை முக்கோணத்தில் போடுகின்றன. பெட்டியின் மேலே ஒரு பலகை, பலகையின் நடுவில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு சதுரத் தகடு. விரலால் தட்டினால் சுற்றும். ஒரு கைக்குழந்தைகூட தாய் இடுப்பில் இருந்தபடி எட்டி எட்டி அதைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு விரிந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

பிறகுதான் பின்னால் தொங்கிய பலகையைப் படித்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒவ்வொரு வரியும் பையப் பையத்தான் உள்ளே இறங்கியது.

முதல் வரி, வடிவங்களோடு விளையாடுவோம். இரண்டாவது வரி, கருத்தும் வடிவமைப்பும் தாளாளர். அவர் பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். மூன்றாவது வரி, செயலாக்கம் மழலையர் பிரிவு ஆசிரியைகள். நாலாவது வரி இது: "கழிவு இரும்பு உதவி: உள்ளூர்ப் பட்டறை ஒன்று."

கழிவாம். அது புதுத் தகடு அய்யா! கடையிலிருந்து நானே தலையில் சுமந்து வந்த தகடு. அப்புறம் அந்த "ஒன்று". ரோட்டோரம் கிடந்த செருப்பு ஒன்று என்கிற மாதிரி, பட்டறை ஒன்று. இதை எனக்காக டைப் அடிக்கிற என் மகள், "அப்பா, கொஞ்சம் காரம் கொறைங்க" என்கிறாள். குறைக்கமாட்டேன். அப்படியே அடி என்று சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமைக் கூட்டம்

நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என் பட்டறைக்கு நேர் எதிரே ஒரு பள்ளிக்கூடம். பெயர் எழுதக்கூடாது என்று பத்திரிகையின் ஆசிரியர் தம்பி சொல்லிவிட்டார், எழுதவில்லை. அங்கே எல்கேஜி பிள்ளைகளுக்கு ஜெசிந்தா டீச்சர். சின்ன வயசு, பெரிய குரல். ஒருநாள் ரோட்டைத் தாண்டி வந்து பட்டறை வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, பிள்ளையளுக்கு வட்டம், சதுரம், முக்கோணம் நடத்துதேன். புக்குல படத்தக் காட்டிக் காட்டி எனக்கே சலிச்சிப் போச்சி. ஒங்க பட்டறைல இதெல்லாம் சும்மா கெடக்குலா? ஒருமட்டம் கூட்டிட்டு வரட்டா?"

"பட்டறைக்குள்ள பச்சப்பிள்ளையளா? கண்ணுல பொறி பட்டா ஆரு பதில் சொல்லுதது?"

"மெஷின நீங்க அணைச்சிட்டா பொறி எங்கேருந்து வரும்?"

அணைத்தேன். அது ஒருநாளோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மெயினை அணைத்தேன். அதற்கு முன்னால் தரையைக் கூட்டி, காந்தக் கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளைக்கூடப் பொறுக்கினேன். கூரான துண்டுகளையெல்லாம் டிரம்முக்குள் போட்டு மூடினேன். பிள்ளைகள் தொடப்போகிற ஒவ்வொரு துண்டையும் அரத்தால் ராவி, என் கன்னத்தில் இழுத்துப் பார்த்துத்தான் வெளியே வைப்பேன். இந்த வேலைக்கெல்லாம் பலகையில் என்ன பெயர் என்று யாராவது சொன்னால் தேவலை.

பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவார்கள். முன்னால் டீச்சர், பின்னால் ஆயா. டவுன் பஸ் டிரைவரே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். உள்ளே வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, அவிழ்த்துவிட்ட கோழிக்குஞ்சு மாதிரி சிதறிவிடுவார்கள்.

வாஷரை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு, "வட்டம்! உளுந்தவடை!" என்று ஒரு பிள்ளை கத்தும். சன்ஷேடுக்கு முட்டுக் கொடுக்கிற சட்டத்தைப் பார்த்து "முக்கோணம்" என்று இன்னொன்று. பைப் துண்டை வைத்துக்கொண்டு ஒருநாள் பெரிய சண்டையே வந்தது. வட்டம் என்றது ஒரு பிள்ளை. இல்லை, நீட்டம் என்றது இன்னொன்று. யூசுப் என்று ஒரு பொடியன், அவன்தான் பஞ்சாயத்துப் பண்ணினான். "இங்கன நின்னு பாத்தா வட்டம். அங்கன நின்னு பாத்தா நீட்டம். ரெண்டு பேரும் எடம் மாறி நில்லுங்கலே." இதைவிட நல்ல தீர்ப்பை நான் பஞ்சாயத்தில் கேட்டதில்லை.

மிதிபட்டுப் போன பெயின்ட் டப்பா மூடியைப் பார்த்து அவனே, "இது நசுங்குன வட்டம்" என்றான்.

குனிந்து கொண்டிருந்த என் வழுக்கைத் தலையில் ஒரு பிள்ளை கை வைத்து, "தாத்தா மண்டை வட்டம்" என்றது.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி, வாய மூடு!"

"இல்ல டீச்சர்," என்றான் யூசுப். "வட்டம் தட்டையாலா இருக்கும்? அது பந்து."

நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அடுத்த கட்டமாகப் பக்கத்து டீக்கடைக்குப் படையெடுத்து, சமோசா முக்கோணம், கிளாஸ் வாய் வட்டம், பிஸ்கட் டப்பா சதுரம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். டீ மாஸ்டருக்கும் புதன்கிழமை வேலை கெட்டது.

பெட்டி யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? பட்டறை வாசலில் மாதிரிக்காக ஒரு கிரில் சாத்தி வைத்திருப்பேன். பிள்ளைகள் அதற்கு வெளிப்பக்கம் நின்று துண்டுத் தகடுகளைக் கம்பிச் சந்துக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். சிலது உள்ளே போயிற்று, சிலது போகவில்லை. போகாததை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். நான் பார்த்தேன். தாளாளர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அடுத்த புதன்கிழமைக்குள் பெட்டி தயார். வட்டம், முக்கோணம், சதுரம் என்று மூன்று ஓட்டை. சதுரம் மூன்று அங்குலம். கை கிழிக்காதபடி ஓரத்தையெல்லாம் உள்ளே மடித்து, இரண்டு கோட் பச்சைப் பெயின்ட் அடித்தேன்.

ஆறுக்கு எட்டரை

சதுரத்துக்கும் எனக்கும் பழைய பகை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பட்டறை முதலாளி என்னிடம் ஒரு கிரிலுக்குச் சதுரம் வளைக்கச் சொன்னார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவில் ஆறு அங்குலம் இடைவெளி. அதற்குள் சதுரங்கள் ஒரு மூலையை ஊன்றி நிற்கவேண்டும். நான் என்ன நினைத்தேன்? இடைவெளி ஆறு, ஆகவே சதுரமும் ஆறு. பன்னிரண்டு சதுரம் வளைத்து, பற்றவைத்து, வரிசையாக அடுக்கி, பெருமையாக நின்றேன்.

ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நேராக வைத்தால் கச்சிதம். மூலையில் நிறுத்தினால் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கிறது. முதலாளி பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக டிரம்முக்குள் எறிந்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு சதுரத்தை டிரம்மிலிருந்து எடுத்து, சிமென்ட் தரையில் வைத்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்தேன். எட்டரை. மறு மூலைக்குப் பிடித்தேன். எட்டரை. அன்றைக்கே எனக்கு நானே வைத்துக்கொண்ட வாய்ப்பாடு: ஆறுக்கு எட்டரை, மூன்றுக்கு நாலேகால். ஆறு அங்குலத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் நாலேகாலில் வளைக்க வேண்டும். நாலு பக்கமும் ஒன்றாக இருந்து, மூலைக்கு மூலை இரண்டு கயிறும் ஒன்றாக வந்தால் அது சதுரம். ஒரு கயிறு குறைந்தால் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். இன்றுவரை என் பட்டறையில் எந்தச் சட்டமும் இந்தக் கயிறு பிடிக்காமல் வெளியே போவதில்லை.

சமீபத்தில் ஒரு எஞ்சினியர் தம்பி என் முன்னால் நின்று போனில் கணக்குத் தட்டினார். நான் அதற்குள் தரையில் சாக்பீஸால் எட்டரை என்று எழுதிவிட்டேன். அவர் போன் எட்டு புள்ளி நாலு எட்டு என்றது. "மிச்சம் வெல்டிங்ல போயிரும் தம்பி" என்றேன்.

சிவப்புப் பேனா

அந்தப் பதினெட்டில் ஒரு பிள்ளை இசக்கிப்பிரியா. நாலரை வயசு இருக்கும். பட்டறைக்குப் பின்தெருவில் பீடி சுற்றுகிற பேச்சியம்மாளின் மகள். மற்றப் பிள்ளைகள் தகடு உள்ளே போகாவிட்டால் ஓங்கி அடிப்பார்கள், அல்லது தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுப்பார்கள். இவள் மட்டும் எடுக்கமாட்டாள். ஓட்டையின் மேல் வைத்தபடியே பையத் திருப்புவாள். திருப்பிக்கொண்டே இருப்பாள். "டங்" என்று விழும். என்னைத் திரும்பிப் பார்ப்பாள். சிரிக்கக்கூட மாட்டாள்.

ஒரு புதன்கிழமை அவள் பெட்டிப் பக்கமே வரவில்லை. வாசல் ஓரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, என்னாச்சி?"

நோட்டை நீட்டினாள். அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சதுரங்களுக்கு வண்ணம் தீட்டு என்று மேலே எழுதி, கீழே ஆறு படம். பிள்ளை மூன்றுக்கு வண்ணம் அடித்திருந்தாள். இரண்டு நேராக நிற்கிற சதுரம், ஒன்று மூலையில் நிற்கிற சதுரம். அந்த மூன்றாவதின் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்புக் குறி. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டது. பக்கத்தில் "டைமண்ட்" என்று எழுதியிருந்தது.

நான் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. நாலு பக்கமும் ஒன்று.

"இதுக்கு ஏன் கலர் அடிச்ச?"

"அது சதுரந்தான். சரிஞ்சி கெடக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மை தகட்ட எப்படிச் சரிச்சி வச்சாலும் எலை ஒண்ணுபோலத்தான வருது?"

பன்னிரண்டு சதுரத்தைப் பாழாக்கி, டிரம் சத்தம் கேட்டு, கயிறு பிடித்து நான் கற்றுக்கொண்ட விஷயம். நாலரை வயசில் இந்தப் பிள்ளை அதைப் போகிறபோக்கில் சொல்கிறது. அதற்குப் பரிசு சிவப்புப் பேனா.

தகடு யார் வெட்டியது?

பிள்ளைகளைக் கயிற்றில் கோத்து அனுப்பிவிட்டு நேரே பின்தெருவுக்குப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நனைத்த பீடி இலையின் வாடை தெருமுனையிலேயே வந்தது.

"என்ன அண்ணாச்சி, எம் மவ எதையும் ஒடைச்சிட்டாளா?"

"ஒண்ணும் ஒடைக்கல. நீ பாட்டுக்கு வெட்டு. நான் பாக்கணும்."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெட்டினாள். பீடிக்கு இலை வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இலையின் மேல் நீளவாக்கில் ஒரு தகரத் துண்டை வைத்து, அதன் ஓரமாகக் கத்தரியை ஓட்ட வேண்டும். எல்லா இலையும் ஒரே அளவில் வரும். ஆனால் இலை ஒரே மாதிரி இருக்குமா? ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை, ஒன்றில் தடித்த நரம்பு. அதற்குத் தப்பித் தகட்டை ஒருதரம் நேராக வைத்தாள், ஒருதரம் சரித்தாள், ஒருதரம் கிட்டத்தட்ட குறுக்கே திருப்பினாள். வெட்டி விழுந்த துண்டுகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். முழுக்க ஒன்று. இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து இதைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

"இந்தத் தகடு ஆரு வெட்டினது?" என்று கேட்டேன்.

"நீங்கதான். போன வருசம் தேஞ்சி போச்சின்னு புதுசு வெட்டித் தந்தியள்லா."

"அப்போ ஒம் மவளுக்கு இந்த அறிவு எங்கேருந்து வந்துச்சி?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, தகடு நீங்க வெட்டினது. சரிச்சி வச்சது நானு. பாத்துட்டு இருந்தது அவ. எல்லாத்தையும் நீங்களே அள்ளிக்கிடாதிய."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நியாயம் நியாயம்தான்.

என் போர்டும் தப்புத்தான்

அன்றைக்கு மத்தியானமே பெட்டியிலிருந்த சதுரத் தகட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"டீச்சர், இது என்ன?"

"சதுரம்."

கையிலேயே கொஞ்சம் திருப்பினேன். "இது?"

"டைமண்ட்."

"எப்போ மாறிச்சி? என் வெரல் பட்டதும் மாறிப் போச்சா?"

ஜெசிந்தா டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "புக்குல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணாச்சி. விடைத்தாளும் அவியளே தாராவ. நான் என்ன செய்ய?" என்றவர், ஜன்னல் வழியாக என் பட்டறையைக் காட்டினார். "எங்கள மட்டும் சொல்லுதியளே. ஒங்க போர்டுல என்ன எழுதியிருக்கு?"

பார்த்தேன். முப்பது வருஷமாக என் பட்டறை வாசலில் தொங்குகிற போர்டு. "இங்கு டைமண்ட் டிசைன் கிரில் சிறந்த முறையில் செய்து தரப்படும்." நான் வளைத்த அத்தனையும் சதுரம். மூலையில் நிறுத்தினதைப் பார்த்து வந்தவன் எல்லாம் டைமண்ட் என்றான், நானும் டைமண்ட் என்று எழுதிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தாளாளர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு டீச்சர்கள் எல்லாரும் இருக்கும்போது சொன்னார். "என்னவே தங்கதுரை, மூணாங்கிளாஸ் படிச்சவரு எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்டீரோ? கம்பிய வளையும்வே. புக்க வளைக்காதேயும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா டீச்சர் சிரிக்கவில்லை. நான் தகட்டைக் கையில் பிடித்தபடி ரோட்டைத் தாண்டி வந்தேன். தகட்டின் மூலை உள்ளங்கையில் அழுந்தி வரி விழுந்திருந்ததை வந்த பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஏணி வைத்து ஏறினேன். போர்டில் டைமண்ட் என்கிற எழுத்தின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்து, "சரித்த சதுரம்" என்று எழுதவைத்தேன். டீ மாஸ்டர் கேலி செய்தார். "அண்ணாச்சி, இனி ஆரும் கிரில் கேட்டு வரமாட்டாவ, பாடம் கேட்டுத்தான் வருவாவ." வந்தால் வரட்டும். முப்பது வருஷத் தப்பு, ஒரே நாளில் அழித்தேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமைதான் ஆணி. பெட்டியின் மேல் ஒரு பலகையைப் பொருத்தி, சதுரத் தகட்டின் நட்டநடுவில் துளை போட்டு, ஆணி அடித்தேன். நடு எங்கே என்று கண்டுபிடிக்க மறுபடியும் அதே மூலைக்கு மூலை கயிறுதான். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம் நடு. நடு ஒரு நூல் தப்பினாலும் தகடு ஒருபக்கமாகத் தொங்கிவிடும். தப்பவில்லை. இசக்கிப்பிரியாவைத்தான் முதலில் சுற்றச் சொன்னேன். சுற்றினாள். தகடு எங்கெங்கேயோ நின்றது. நின்ற இடத்திலெல்லாம் பதினெட்டுப் பிள்ளைகளும் "சதுரம்!" என்று கூவினார்கள். ஜெசிந்தா டீச்சரும் ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

ஒரு மாசம் கழித்து, "ரெண்டு நாளைக்குப் பெட்டியத் தாங்க அண்ணாச்சி" என்று கேட்டார். கொடுத்தேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

கல்லில் வெட்டும் முன்னால்

இப்போது கண்காட்சிக்குத் திரும்புவோம். நாலு வரியையும் படித்து முடித்து நிமிர்ந்தால் தாளாளர் யாரோ பெரிய மனிதர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். என் ஆணியில் என் தகட்டை அவர் சுற்றுகிறார்.

"எப்படித் திருப்பினாலும் இது சதுரம்தான். படத்த மட்டும் பாத்துப் படிக்கிற பிள்ளைங்க இத டைமண்டுன்னு தப்பாச் சொல்லிருவாங்க. அத மாத்தத்தான் நாங்க இந்தப் புது முறையக் கண்டுபிடிச்சோம்."

அதே வாய்!

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "அய்யா, இந்தப் பெட்டி ஆரு செஞ்சது?"

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு தோளில் கை போட்டார். "நம்ம தங்கதுரை! இரும்பு குடுத்து ஒத்தாசை பண்ணினது இவருதான். பின்னால போட்டிருக்கோம்லா?"

"என் பேரு அங்கன இல்லையே."

"பேரா முக்கியம்? பிள்ளையள் படிப்புலாவே முக்கியம்?"

பெயர் முக்கியமில்லை என்கிறவர், தன் பெயரை மட்டும் இரண்டு பட்டத்தோடு போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா டீச்சர் தரையைப் பார்த்தபடி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் எழுதிக் குடுத்ததுல ஒங்க பேரு முதல்ல இருந்துச்சி அண்ணாச்சி. மேல மாத்திட்டாவ."

அன்றைக்குப் பெட்டிக்கு முதல் பரிசு கிடைத்தது. மாலையும் போட்டோவும் ஆயிற்று. இனி பெட்டி எனக்குத் திரும்பாது. பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டட வாசலில் நிரந்தரமாக வைக்கப்போகிறார்களாம். வைக்கட்டும், பிள்ளைகளுக்காகச் செய்தது, பிள்ளைகளிடம் இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் கருங்கல்லில் எழுத்து வெட்டிப் பதிக்கிறார்கள். கல் வெட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர்தான். அவரிடம் கொடுத்திருக்கிற தாளைப் பார்த்தேன். அதில் மூன்று வரிதான் இருக்கிறது. "உள்ளூர்ப் பட்டறை ஒன்று" என்கிற அந்த ஒன்றும் போய்விட்டது.

இதனால்தான் என் கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. பலகையில் எழுதினதை நாளைக்கு அழித்துக்கொள்ளலாம். கல்லில் வெட்டினதை யார் அழிப்பது? எனக்குப் பிறகும் அந்தக் கல் நிற்கும். என் பேரன் பேத்திமார் அந்தப் பெட்டியில் தகடு போட்டுவிட்டு, இதை யாரோ இரண்டு பட்டம் வாங்கினவர் செய்தார் என்று படிக்க வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. இசக்கிப்பிரியாவின் நோட்டில் அந்தச் சிவப்புத் தப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. முதல் பரிசு வாங்கின பதிலை முதலில் சொன்ன பிள்ளைக்கு நோட்டில் தப்பு! நான் என் போர்டை ஒரே நாளில் திருத்தினேன். அவர்கள் ஒரு நோட்டைத் திருத்த எத்தனை நாள் வேண்டும்?

தாளாளர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவருக்கே சொல்கிறேன். உங்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. இடம் கொடுத்தவர் என்று போட்டுக்கொள்ளுங்கள், அது உண்மை. பேச்சியம்மாள் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் நானே அள்ளிக்கொள்ளவும் வரவில்லை. அவரவர் செய்ததை அவரவர் பெயருக்கு நேரே வெட்டுங்கள்.

தகட்டைச் சரித்து வைத்தது: பேச்சியம்மாள். பார்த்துச் சதுரம் என்று சொன்னது: இசக்கிப்பிரியா. ரோட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தது: ஜெசிந்தா டீச்சர். பெட்டி செய்து, நடுவைக் கண்டுபிடித்து, ஆணி அடித்தது: சீ. தங்கதுரை.

உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து, உங்களுக்கு வெட்டுகிற அதே அளவு எழுத்தில் வெட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு.